நில்ஸ் அனுப்பாத டிக்கெட்

ராஜபாளையம்
14 அக்டோபர் 2024

இன்பத்துக்கு,

ஸ்தோத்திரம். நீ போனை எடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் பெரியம்மா வீட்டுக்கும் வரக் கூடாது என்று கம்பெனி வேன் ஓட்டும் மலைச்சாமி அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். "சொல்ல வேண்டியது இருந்தா காயிதத்துல எழுதச் சொல்லுங்கண்ணே. காயிதத்துல கத்த முடியாதுல்ல" என்றாயாம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற ஊருக்குக் கவர் வாங்கித் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

முதலில் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை. நீ காணிக்கையாகக் கொடுத்த பூசணிக்காயைச் சர்ச் ஊழியர் கோயில்பிள்ளை ஏலம் விட்டபோது நம் கம்பெனி கிறிஸ்டோ கேட்டான். நம் கொல்லையில் காய்த்தது அவனுக்கு எதற்கு? நான் ஏற்றினேன். அவன் சிரித்துக்கொண்டே ஏற்றினான். நான் விடவில்லை. சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது உண்மை. "என் பொண்டாட்டி தொட்ட பொருளுக்கு இன்னொருத்தன் வெல கேக்கக் கூடாது" என்று சொன்னதும் உண்மை. பக்கத்தில் இருந்த மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதற்காக மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாயா?

இரண்டாவது, வேலை. இப்போது நம் கம்பெனிக்கு டைப் செய்ய வந்திருக்கும் பழைய கையெழுத்து நோட்டு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் சுவீடனிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன நில்ஸ் என்பவருடையது. அவர் மகள் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கைப்பட எழுதியது. அதை 'ஏ' என்ற பெயரில் நான் டைப் செய்கிறேன். 'பி' என்று ஒருவர் அதே பக்கத்தை எங்கோ உட்கார்ந்து டைப் செய்கிறார். யார் என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் எங்கே மாறுகிறோமோ, அங்கே மூலத்தைப் பார்த்து யார் சரி என்று முடிவு சொல்கிறவள் நீ. போன வாரம் நாற்பத்தொரு இடத்தில் மாறியிருக்கிறோம். முப்பத்துமூன்று இடத்தில் நீ பி பக்கம் நின்றிருக்கிறாய்.

பி யார் என்று எனக்குத் தெரியும். பண்டிகைக்கு முந்தைய வாரம்தான் கிறிஸ்டோவை உன் கிளைக்கு மாற்றினார்கள்.

ஜோயல்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18 அக்டோபர் 2024

அத்தானுக்கு,

முப்பத்துமூன்று இடத்தில் பி சரி. அதனால் பி. மீதி எட்டு இடத்தில் நீங்கள் சரி. அதனால் நீங்கள். இதற்கு மேல் அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை.

உங்கள் தவறு எல்லாம் ஒரே வகை. ஒரு சொல் புரியவில்லை என்றால் பி புரியவில்லை என்று குறி போட்டுவிட்டு நகர்கிறார். நீங்கள் ஒருநாளும் இடம் விட மாட்டீர்கள். முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் வைத்து இதுதான் என்று நீங்களே முடிவுசெய்து எழுதிவிடுகிறீர்கள். வீட்டிலும் அப்படித்தான். நான் ஆபீசிலிருந்து அரைமணி நேரம் தாமதமாக வந்தால், அந்த அரைமணி நேரத்தை நீங்களே எழுதி நிரப்பிவிடுவீர்கள்.

பி யார் என்று நான் சொல்லக் கூடாது. சொன்னால் என் வேலை போகும்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரியின் பழைய ஆவணப் பிரிவுக்கு ஆகஸ்டில் விண்ணப்பித்தேனே, அதற்கு நவம்பர் பதினெட்டாம் தேதி நேர்முகத் தேர்வு. என்னைத் தேர்ந்தெடுத்திருந்தால் அழைப்புக் கார்டு சாதாரணத் தபாலில் ராஜபாளையம் வீட்டுக்குத்தான் வரும். கார்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வந்தவுடன் மலைச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். ஏழு வருடமாக ஊர் பேர் தெரியாதவர்களின் கையெழுத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறையாவது அந்தக் காகிதத்தைக் கையில் தொட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பெரியம்மா உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அவன் வருதானா, இல்ல காயிதம் மட்டுந்தான் வருதா?" என்று கேட்டாள்.

இன்பம்


ராஜபாளையம்
24 அக்டோபர் 2024

இன்பத்துக்கு,

ஸ்தோத்திரம். கார்டு வந்தால் தருகிறேன். அந்த வேலைக்குக் கிறிஸ்டோவும் போட்டிருக்கிறானா? அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய்.

பூசணிக்காய் அடுப்பங்கரை மூலையில் அப்படியே இருக்கிறது. அரிந்து சமைக்க மனம் வரவில்லை. மலைச்சாமி அண்ணன் நேற்று டீக்கடையில் எல்லார் முன்னாலும், "ஏலே ஜோயலு, அம்புட்டு வெல குடுத்து எடுத்தியே, அதுக்குப் பேரு வச்சிட்டியா?" என்றார். கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நில்ஸ் கதையை உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீயும் படிக்கிறாய். ஆனால் பேச வேறு ஆள் இல்லை. 1868இல் அவர் ஊரில் மழை பொய்த்துப் பயிர் முழுவதும் காய்ந்ததாம். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வேலி கட்டினாலும் தீராத கல்காடு. மனைவி கரினையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டுக் கப்பல், ரயில், மறுபடி கப்பல் என்று மாறி மாறிப் போகிறார். மினசோட்டாவில் முதல் குளிர்காலம் ஒரு மேட்டைக் குடைந்து அதற்குள் இருக்கிறார். மண்சுவர். கூரையிலிருந்து தவளை விழுகிறது. பனி உறைந்த தரையில் ரயில்பாதைக்குக் கட்டை சுமக்கிறார். எல்லாம் எதற்கு? டிக்கெட் வாங்கி அனுப்பிக் கரினை வரவழைக்க. ஒவ்வொரு பக்கத்திலும் கரின் பெயர் இருக்கிறது.

ஒரு பக்கத்தில் 'கரின் பதில் எழுதவில்லை' என்ற வரியில் 'இன்பம் பதில் எழுதவில்லை' என்று அடித்துவிட்டேன். நீ அதையும் தவறு என்று குறித்து அனுப்பியிருக்கிறாய். சரி. வேறு என்ன செய்வாய்.

ஜோயல்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 நவம்பர் 2024

அத்தானுக்கு,

அந்த வரியைப் பார்த்ததும் செத்த நேரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகுதான் குறித்தேன். வேறு என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். அதைச் செய்தேன்.

ஆமாம், கிறிஸ்டோவும் விண்ணப்பித்திருக்கிறார். அந்த வேலை இருப்பதை எனக்குச் சொன்னதே அவர்தான். ஆகஸ்டிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதி நிரப்பிவிடுவீர்கள் என்று பயந்து சொல்லவில்லை. அது என் தவறு.

அவருக்குத் தீபாவளிக்கு முந்தின நாளே கார்டு வந்துவிட்டது. எனக்கு வந்ததா? தயவுசெய்து வாசல் கதவுக்குக் கீழே, செருப்பு வைக்கும் இடத்தில், மின்கட்டண அட்டைக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். நம் தபால்காரர் எங்கே செருகுவார் என்று சொல்ல முடியாது.

இன்பம்


ராஜபாளையம்
6 நவம்பர் 2024

அன்பு இன்பத்துக்கு,

ஸ்தோத்திரம். எல்லா இடமும் பார்த்துவிட்டேன். கார்டு வரவில்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். இதற்காக மனம் உடைந்துவிடாதே. அங்கே ஏற்கெனவே ஆளை முடிவுசெய்து வைத்திருப்பார்கள். மதுரை வெயிலில் போய் நீ என்ன செய்யப்போகிறாய்? உன் அளவுக்குக் கையெழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

நில்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். சுவீடனில் அவர் ஊர்ச் சர்ச்சின் கோயில்பிள்ளை ஒரு கடிதம் போடுகிறார். மழை, சாவு, கல்யாணம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், 'ஜோனாஸ் என்கிற கூலியாள் உன் மனைவிக்கு விறகு பிளந்து போடுகிறான், நல்ல பையன்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதன் பிறகு பன்னிரண்டு பக்கத்துக்கு நில்ஸுக்கு வேறு நினைப்பே இல்லை. கோதுமை விதைக்கிறார், ஜோனாஸ். மாடு கன்று போடுகிறது, ஜோனாஸ். நீ அவரைப் பைத்தியக்காரன் என்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவனுக்கு அந்த ஒரு வரிதானே தெரியும்? விறகு பிளக்கிறவன் நல்ல பையனாகவே இருக்கட்டும். அவன் எதற்கு இவள் வீட்டு விறகைப் பிளக்க வேண்டும்?

பி இந்தப் பக்கங்களில் ஒரு இடத்திலும் தவறவில்லை. அவனுக்கு ஜோனாஸைப் பற்றிப் படிக்கச் சுகமாக இருக்கும்.

ஜோயல்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10 நவம்பர் 2024

அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். கல்லூரிக்குப் போன் செய்தேன். தேர்ந்தெடுத்தவர்களுக்கு எல்லாம் கார்டு அனுப்பியாகிவிட்டதாம். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று போனில் சொல்ல மாட்டார்களாம். அப்படியென்றால் என்னை எடுக்கவில்லை.

கிறிஸ்டோவின் கார்டை வாங்கிப் பார்த்தேன். கெட்டியான மஞ்சள் அட்டை. மேலே பெயர், கீழே முத்திரை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "என்னக்கா, அதுல உங்க பேரா தேடுதிய?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு என்னைவிடப் பாதி அனுபவம்தான். வயிறு எரிந்தது, அத்தான். பொறாமை உங்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என் அளவுக்குக் கையெழுத்துப் படிக்கிறவர் அங்கே இருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நீங்கள் சொன்னது இதுதான் முதல் தடவை. தினமும் வாசலில் நின்று பார்க்கிறீர்கள் என்பதும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "மாறிட்டான்னா போ. எனக்கென்ன, நான் ஒருத்திக்குச் சோறு பொங்கிட்டுப் போறேன்" என்றாள்.

இருபதாம் தேதிக்குப் பிறகு வாரேன். அந்தப் பதினெட்டாம் தேதி கழியட்டும். அன்றைக்கு யாரிடமும் பேச என்னால் முடியாது.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர், அலுவலகம்
16 நவம்பர் 2024, பகல் 2 மணி

ஜோயல் அவர்களுக்கு,

இதைக் கொண்டுவரும் மலைச்சாமி அண்ணனிடம் என் கார்டைக் கொடுங்கள்.

அது உங்களிடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். காலையில் நூற்றுநாற்பத்திரண்டாம் பக்கம் என் மேஜைக்கு வந்தது. பி இருபத்தாறு வரி அடித்திருக்கிறார். நீங்கள் இருபத்தைந்து. விடுபட்ட வரி இது: 'கரினுக்கும் குழந்தைகளுக்கும் வாங்கிய டிக்கெட்டைப் பதினோரு மாதம் பைபிளுக்குள் வைத்திருந்தேன், அனுப்ப வழியில்லாமல் அல்ல, ஜோனாஸின் மேல் இருந்த கோபத்தில்.'

நான் உங்கள் பக்கங்களை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். தப்பாக எழுதுவீர்கள், ஊகித்து எழுதுவீர்கள், என் பெயரைக்கூட எழுதுவீர்கள். ஒரு வரியை விட்டதே இல்லை. அந்த வரியில் புரியாத எழுத்து ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்திலேயே மிகத் தெளிவான வரி அது. அதை அடிக்க உங்களுக்குக் கை வரவில்லை. ஏன் என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

நான் ஊகிக்கிறேன் என்றால், கார்டு இல்லை என்று இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள். நம்பிவிடுகிறேன்.

இன்னொன்று. இதைச் சொன்னதற்கு என்னை வேலையிலிருந்து நிறுத்தினாலும் பரவாயில்லை. கிறிஸ்டோ இங்கே டைப் செய்வதே இல்லை. கோணலாக வந்த நோட்டுப் பக்கப் படங்களை நேராக்கி அனுப்புவதுதான் அவர் வேலை. பி என்பது சுடலையம்மாள் அக்கா. உங்கள் ஆபீசில், உங்கள் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது நாற்காலி.

இன்பம்


ராஜபாளையம்
16 நவம்பர் 2024, மாலை 4 மணி

இன்பம்,

கார்டு இதில் இருக்கிறது. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. பீரோவில் உன் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை.

நீங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போவதை நினைத்தேன். அவனுக்குக் கார்டு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இருவருக்கும் வேலை கிடைத்தால் பக்கத்துப் பக்கத்து மேஜை. அதற்கு மேல் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நீ அதை எத்தனை நாள் எதிர்பார்த்தாய் என்பது அந்த வரி திரையில் வந்தபோதுதான் உறைத்தது. அப்போதும் எடுத்துக் கொடுக்கவில்லை. வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

மலைச்சாமி அண்ணன் அவசரப்படுத்துகிறார். திங்கள் காலை பத்து மணி என்று போட்டிருக்கிறது. ஆறு மணி பஸ்ஸைப் பிடி.

ஜோயல்


ராஜபாளையம்
28 நவம்பர் 2024

அன்பு இன்பத்துக்கு,

ஸ்தோத்திரம். நீ நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தாய் என்று மலைச்சாமி அண்ணன் சொன்னார். அவரிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு முகம் இல்லை.

கண்காணிப்பாளரிடம் சொல்லி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்கச் செய்து, விட்ட வரியை அடித்துவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டார். கண் அசந்துவிட்டது என்றேன்.

சுடலையம்மாள் அக்காவை இரண்டு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர், "என்ன தம்பி, என் மொகத்துலயா எழுதி ஒட்டியிருக்கு, அம்புட்டு நேரமாப் பாக்க?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வயது. தந்தி ஆபீசில் இருந்தவராம். மதியம் வெண்டைக்காய்ப் பொரியல் கொடுத்தார். ஒரு மாதமாக இவரைத்தான் மனதுக்குள் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நோட்டு நேற்று முடிந்தது. அந்தப் பதினோரு மாதத்துக்குள், மார்ச்சில், சின்னப் பையன் ஓலோஃப் தொண்டை அடைப்பானில் இறந்துபோகிறான். டிக்கெட் ஓராண்டுதான் செல்லும் என்பதால் ஆகஸ்டு கடைசியில் நில்ஸ் அதை அனுப்புகிறார். கரின் மகளோடு வந்து இறங்குகிறாள். ரயில்நிலையத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள், 'இதை எப்போது வாங்கினாய்?' தேதி டிக்கெட்டிலேயே இருக்கிறது. பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். வெட்டுக்கிளி நான்கு வருட விளைச்சலைத் தின்றது, கூட நின்றாள். மரவீடு கட்டினார்கள், கூட நின்றாள். முப்பத்தொரு வருடம். கடைசிப் பக்கத்தில் மகள் தானாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'அம்மா அந்த டிக்கெட்டைச் சாகும்வரை தன் பெட்டியில் வைத்திருந்தாள்.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுத நான்கு தாள் வீணாகிவிட்டது. முடிவு வந்ததா? வந்தால் எனக்கும் சொல்.

கிறிஸ்டோவுக்கு என்ன ஆயிற்று?

ஜோயல்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6 டிசம்பர் 2024

அத்தானுக்கு,

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. உத்தரவு நேற்று பெரியம்மா வீட்டு முகவரிக்கு வந்தது. பதினொன்றாம் தேதி சேர வேண்டும். கிறிஸ்டோவுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நீங்கள் எந்த வரிக்குச் சந்தோஷப்பட்டீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

தேர்வன்று எனக்கு ஒரு பழைய நிலப் பத்திரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. இரண்டு இடத்தில் எழுத்து புரியவில்லை. புரியவில்லை என்றேன். அவ்வளவுதான் கேட்டார்கள். ஆனால் அதற்கு முன், வாசலில் என் கார்டை வாங்கிப் பார்த்த அம்மா, "இது என்ன இப்பிடி வாசம் வீசுது?" என்று கேட்டார். பீரோவில் போட்டிருந்த பூச்சி உருண்டை வாசம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து உட்காரச் சொன்னார்.

இதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். கார்டை மறைத்தீர்கள். அதைக்கூட விட்டுவிடலாம். கார்டைக் கையில் வைத்துக்கொண்டே, வரவில்லை என்று என்னைத் தேற்றினீர்கள். அந்தக் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

கரின் முப்பத்தொரு வருடம் கூட நின்றாள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் நிற்பேன் என்று நினைத்து எழுதினீர்களா, தெரியவில்லை. அவளுக்குத் திரும்பிப் போகக் கப்பலும் இல்லை, ஆளும் இல்லை. அவள் ஏன் இருந்தாள் என்று மகளும் எழுதவில்லை. நீங்களும் ஊகித்து நிரப்பாதீர்கள்.

பெரியம்மா கேட்டாள், "ஏட்டி, நீ வேலைக்குப் போறியா, இல்ல அவன விட்டுட்டுப் போறியா?" "வேலைக்குப் போறேன்" என்றேன். "பொறவு அவன்?" என்றாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

மதுரையில் எங்கே தங்கப்போகிறேன் என்று இதில் எழுதவில்லை. கல்லூரிக்கும் எழுத வேண்டாம். நான்தான் எழுதுவேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதுவரை தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள்.

இந்த முறை உண்மையாகவே நில்லுங்கள்.

இன்பம்